மலையில் கம்ப்யூட்டர் கெடுவது ஓடும்போது அல்ல, ஓய்வெடுக்கும்போது

ஊட்டி, பிங்கர்போஸ்ட் பக்கத்திலிருந்து:

மலையில் மெஷின் வைத்திருப்பவர்கள் கண்டதைப் போடுங்கள், நான் தொடங்கி வைக்கிறேன். கீழே இருந்து வருகிறவர்கள் "குளிர் ஊர், சூடு தொல்லையே இல்லை" என்பார்கள். சூடு தொல்லை இல்லைதான். இங்கே மெஷினைத் தின்பது ஈரம். அதுவும் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல, உறை போட்டு மூடிவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போயிருக்கும்போது.

கணக்கு எளிது. ஜூலையில் அறை 15 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று 22 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 60 அருகே இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடுகிறது, அவ்வளவுதான். ஓடுகிற கேபினட்டுக்குள் அறையைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும். அதனால் ஓடுகிற மெஷின் தன்னைத் தானே காயவைத்துக்கொள்கிறது, அணைத்த மெஷின் அறையின் ஈரத்தை அப்படியே குடிக்கிறது.

முதலில் அடி வாங்குவது ரேமின் பல்லும் கிராபிக்ஸ் கார்டின் பல்லும், அதாவது போர்டில் செருகும் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகள். அடுத்தது, மலிவு போர்டுகளில் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ், அதாவது ஈயப்பற்று வைக்கும்போது பூசும் பசை. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து, போகக்கூடாத வழியில் மின்சாரத்தைக் கசிய விடும். யாரும் தொடாமலே மெஷின் தானாக ஆன் ஆகிறது, கீபோர்டு தானாகவே ஓர் எழுத்தை அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் பேய் தேட வேண்டாம், பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

மழை சீசனில் தினமும் ஒரு மணி நேரம் சும்மாவாவது ஓட விடுங்கள். ரெக்சின் உறை, பிளாஸ்டிக் உறை எல்லாம் வேண்டாம், அவை உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. தூசுக்குப் பயந்தால் பழைய பருத்தி வேட்டி போதும்.

குன்னூரிலிருந்து:

ஜூன், ஜூலையை மட்டும் சொன்னால் எப்படி? குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். கொடைக்கானலிலும் அப்போதுதான் கொட்டும். அவரவர் பக்கத்து மழையைப் பார்த்து வையுங்கள்.

ஈரத்தை உத்தேசமாகப் பேசாமல் ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். மலிவானது ஐந்து, பத்து புள்ளி தப்பாகக் காட்டும். சரிபார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். பாட்டில் மூடியில் சாதா உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவரில் போட்டு மூடி, ஓர் இரவு வையுங்கள். உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும், அறை 15 டிகிரியானாலும் 25 ஆனாலும் பெரிதாக மாறாது. மீட்டர் 82 காட்டினால் இனி எப்போதும் 7 கழித்துப் படியுங்கள்.

கேமரா, லென்ஸ், பழைய கேம் கார்ட்ரிட்ஜ், ஹார்டு டிஸ்க் இவற்றுக்கு 40 முதல் 50 வரை நல்லது. 70-க்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

சிலிக்கா ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றோட்டமுள்ள கேபினட்டுக்குள் இரண்டு பொட்டலம் போட்டு வைப்பது நீலகிரியையே உலர்த்தப் பார்ப்பது மாதிரி. ஓர் இரவில் நிரம்பிவிடும். 100 கிராம் ஜெல் முழுக்கக் குடித்தால் 30 கிராம் சொச்சம் தண்ணீர், அதற்குமேல் இல்லை. ரப்பர் விளிம்புள்ள டப்பாவில்தான் அதற்கு வேலை. ஆரஞ்சு நிறம் பச்சையானால் 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் தயார். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது. சமையல் வாணலியில் வறுக்காதீர்கள்.

கூடலூரிலிருந்து:

எங்க பக்கம் குளிர் கம்மி, மழை ஜாஸ்தி. பழைய கை வைத்தியம் ஒன்னு: மர பீரோவுக்குள்ள ஜீரோ வாட் குண்டு பல்பு. பேர்தான் ஜீரோ, 12 முதல் 15 வாட் இழுக்கும். அந்தச் சூடு போதும். எல்இடி போட்டா பிரயோஜனமில்லை, சூடு வராது. பல்பு கீழ்த்தட்டுல, சாமான் மேல்த்தட்டுல, துணி, தெர்மோகோல் பக்கத்துல இருக்கவே கூடாது. பீரோக் கதவு மேல விரலளவு சந்து விடுங்க.

கோத்தகிரியிலிருந்து:

ஈரத்துக்கு அடுத்தது கரண்ட். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மலை இது. ஆனால் சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் விழுந்தால் தெருவே இருட்டு. இருட்டானால்கூடப் பரவாயில்லை. கிளை விழுந்து, எல்லா வீட்டுக்கும் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரல் மட்டும் அறுந்தால்தான் வினை. வேறு வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். லோடு அதிகமுள்ள வீட்டில் பல்பு மங்கும், லோடு குறைந்த வீட்டுக்கு 300-க்கு மேல் ஏறும். ஒரு வீட்டில் மங்கி, அடுத்த வீட்டில் பளீரென்று எரிந்தால் மெயினை உடனே அணையுங்கள்.

ஸ்பைக் பஸ்டர் இதைத் தடுக்காது. அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் கண நேர உச்சத்தை விழுங்கத்தான். நிமிடக்கணக்கில் 300 வோல்ட் நின்றால் அதுவே கருகும். வேண்டியது ஹை-லோ கட்டாஃப்: 270-க்கு மேலோ 170-க்குக் கீழோ போனால் ரிலே திறந்துகொள்ளும், கரண்ட் திரும்பிய பிறகும் சில நிமிடம் பொறுத்துத்தான் இணைக்கும். அந்தத் தாமதம் முக்கியம். கரண்ட் வந்த முதல் நிமிடத்தில் ஊரிலுள்ள கீசர், ஹீட்டர் எல்லாம் ஒன்றாக இழுக்கும், வோல்டேஜ் ஆடும்.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்கிறதா? மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி உள்ளே வடிகட்டிக் கண்டென்சர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் இரும்பு உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு நடுவில், 115 வோல்ட் அருகே மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நொடியில் போர்ட்டைக் கொல்லலாம். மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் 230 அருகிலும், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். பாறை நிலத்தில் ஒரே ஆழக்குழி தோண்ட முடியாவிட்டால், குட்டையான ராடுகள் இரண்டு மூன்றை, ஒரு ராடின் நீளம் அளவு இடைவெளி விட்டு அடித்து இணைக்கலாம். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மாசியில் மண் காய்ந்தால் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து:

யுபிஎஸ் பற்றியும் சேர்க்கிறேன். 600 விஏ என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட். கேமிங் மெஷின் 400 வாட் இழுக்கும் நேரத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். அலுவலக மெஷின், 150 வாட் என்றால் உள்ளிருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும். குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும், 10 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பதிலுக்கு ஆயுள் கூடும், மதுரை வெயிலில் கிடக்கும் அதே பேட்டரியைவிட இங்கே அதிக வருடம் வரும்.

வீட்டு இன்வெர்ட்டரில் மெஷின் ஓட்டுபவர்கள் பின்னால் உள்ள சுவிட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்கள். "அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது, விண்டோஸ் போடணும்" என்று வருகிற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உயரம். அடாப்டரின் அடியில் மலை மாதிரி ஒரு படமும் 2000 மீ. என்றும் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கொடைக்கானல் 2,100 சொச்சம், ஊட்டி 2,240. அந்தக் குறி சீனத்து விதிமுறைக்கானது. காற்று மெலியும்போது இரண்டு கம்பிக்கு நடுவே பொறி தாண்டுவது சுலபமாகும், அதனால் உயரம் கூடக் கூட இடைவெளியும் கூட வேண்டும். பன்னாட்டுத் தரம் 3,000 மீட்டருக்கே 14 சதவீதம்தான் கூட்டச் சொல்கிறது. ஊட்டி உயரத்துக்குத் தேவைப்படுவது மூன்று நான்கு சதவீதம். பெயருள்ள அடாப்டரில் கவலை இல்லை. எடை இல்லாத, எந்த முத்திரையும் இல்லாத அடாப்டரை எந்த உயரத்திலும் வாங்க வேண்டாம்.

ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் 32 டிகிரி அறையில் பிராசஸர் 45 டிகிரி கூடுதலாக, அதாவது 77-ல் ஓடுகிறது என்றால், இங்கே அந்தக் கூடுதல் 54 வரை போகலாம். ஆனால் அறை 18 டிகிரிதானே, மொத்தம் 72. ஆக மலையில் மெஷின் 90-ஐத் தொட்டால் உயரத்தைக் குறை சொல்லாமல், பிராசஸர் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைத் திறந்து பாருங்கள்.

சாதா ஹார்டு டிஸ்க்கின் எல்லை 3,048 மீட்டர். தகவலைப் படிக்கும் தலைப்பகுதி காற்று மெத்தையில் மிதப்பதால் அந்த எல்லை. தொட்டபெட்டா உச்சியே 2,637-தான். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதல்லவா, டிஸ்க் அப்படி உப்பாமல் இருக்கத்தான் அதில் சின்ன மூச்சுத் துளை. மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள்.

குன்னூரிலிருந்து:

ஹீட்சிங்கைத் திறந்தால் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன்: புகைக்கரி. விறகடுப்பு, கணப்பு உள்ள வீட்டில் தூசு பஞ்சாக இருக்காது, எண்ணெய்ப் பசையோடு கருப்பாகப் படியும். ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும்தான் வழி. கரி ஈரமானால் கடத்தும் என்பதால் போர்டில் படிந்ததையும் விடாதீர்கள்.

கணப்புக்குப் பதில் கேஸ் ஹீட்டர் வைப்பவர்களுக்கு: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அறை சூடாகும், இரும்புக் கேபினட் இன்னும் சில்லென்று இருக்கும், நீராவி அதன்மேல்தான் போய்ப் படியும். மெஷின் இருக்கும் அறைக்கு கரண்ட் ஹீட்டர்தான். 2,000 வாட் ஹீட்டர் எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் தனியாக, கம்ப்யூட்டர் எக்ஸ்டென்ஷனில் அல்ல. (மூடிய அறையில் கரி அடுப்பு ஆளையே கொல்லும். அது கம்ப்யூட்டர் விஷயமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கூடலூரிலிருந்து:

கீழ இறங்கும்போது லேப்டாப் நனையுதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

ஊட்டி, பிங்கர்போஸ்ட் பக்கத்திலிருந்து:

உண்மை. ஜனவரிக் காலையில் 8 டிகிரியில் டிக்கியில் போட்ட லேப்டாப், மலையிறக்கத்தில் பர்லியார் தாண்டும்போதும் சில்லென்றுதான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, 60 சதவீத ஈரம் என்றால் 21 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பொருளின் மேலும் நீர் பூக்கும். மேலே இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டு மூடி, கீழே வந்ததும் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். நீர் கவருக்கு வெளியே பூத்துக் காய்ந்துவிடும். டிஸ்க் போடுகிற கேம் கன்சோலுக்கும் இதுவே, லென்ஸ் மங்கினால் டிஸ்க் படிக்காது.

இடியையும் சேர்த்துவிடலாம். ஊட்டியில் உள்ள, காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் வந்த ஓர் இடிமேகத்தில் அளந்தது 130 கோடி வோல்ட். அதற்கு முன்னால் நம் ஸ்பைக் பஸ்டரின் சிவப்பு விளக்கு எம்மாத்திரம். பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு மோடத்திலிருந்து வரும் லான் கேபிளை விட்டுவிடுகிறார்கள், அடி அந்த வழியாகத்தான் வருகிறது. டிஷ் கேபிளும் அப்படியே.

ஃபைபர் கண்ணாடிதானே என்று அலட்சியம் வேண்டாம். கம்பத்திலிருந்து வரும் கருப்புத் தட்டை கேபிளில் தாங்குகம்பி இரும்பு. அதை வீட்டுக்கு வெளியே கிளாம்பிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு லான் கேபிள் இழுக்கக் கூடாது, செம்பு லானை ஃபைபராக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் இரண்டும் ஃபைபரும் போடுங்கள். காற்றடித்த மறுநாள் நெட் மெதுவானால் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வந்து சேரும் ஒளியின் அளவான ஆப்டிகல் பவரைப் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம்-ஐத் தொட்டால் கிளை அழுத்தி எங்கோ கேபிள் மடங்கியிருக்கலாம். குரங்கு தொங்கியும் இருக்கலாம்.

குன்னூரிலிருந்து:

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டு மெஷினை எழுப்பும் முறை. போனவுடன் பட்டனைத் தட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பக்க மூடியைத் திறந்து, அறையில் மின் ஹீட்டர் போட்டு அரை நாள் விடுங்கள், ஹீட்டர் மூன்றடி தள்ளி இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் ஜன்னலில் டார்ச் அடித்துப் பல்லி, எறும்புக் கூடு இருக்கிறதா பாருங்கள். ரேமைக் கழற்றி, பல்லை வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, இரு பக்கமும் கிளிக் கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டிலுள்ள பொத்தான் பேட்டரி (சிமாஸ் பேட்டரி) 2032, மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் மாற்றிவிடுங்கள். முதல் தடவை ஒரே ஒரு ரேம் மட்டும், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், போர்டின் சொந்த டிஸ்பிளேயில். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லாத வகை என்றால் கார்டையும் அதே அழிரப்பரால் துடைத்து மாட்டித்தான் ஆக வேண்டும்.