நம் குடும்பம் குழு: ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். சில நாள்களாக மாடி அறையில் வைஃபை மிகவும் மந்தமாக இருக்கிறது. வெளியார் யாரோ நம் இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஐயப்பட்டு வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன், வேகம் கூடவில்லை. இனி என்ன செய்யலாம்?

நான்: பெரியப்பா, கடவுச்சொல்லை மாற்றியதும் பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். அதன் பிறகும் வேகம் கூடவில்லை என்றால், வெளியாரைவிட ரவுட்டர் இருக்கும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்று உண்டே, அதை மாற்றினீர்களா?

பெரியப்பா: இரண்டும் ஒன்று என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்தப் பக்கத்தில் பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டுமே ‘அட்மின்’ என்றுதான் இருக்கின்றன.

நான்: முதலில் மாற்ற வேண்டியது அதுதான். 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்ற தீநிரல், தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய இத்தகைய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே இணையக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அவற்றைக் கொண்டு பெரிய இணையதளங்களை முடக்கியது. அதே பக்கத்தில் ‘தொலைநிலை மேலாண்மை’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

அத்தை: உள்ளே நுழைபவன் நம் வீட்டில் எதைத் திருடப்போகிறான்? மறைக்க வேண்டிய இரகசியம் எதுவும் எங்களிடம் இல்லையே.

நான்: இரகசியம் இல்லாவிட்டாலும் வங்கிக் கணக்கு இருக்கிறதே, அத்தை. இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் சேவையகம். எந்தச் சேவையகத்தைக் கேட்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பெரும்பாலும் ரவுட்டர்தான் சொல்கிறது. அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால், வங்கியின் முகவரியை நீங்கள் பிழையின்றித் தட்டச்சு செய்தாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் பெரும்பாலும் எச்சரிக்கும். அவசரத்தில் ‘தொடர்க’ என்று அழுத்துபவர்கள் சிக்கிக்கொள்வார்கள்.

அண்ணன்: அப்பா, வைஃபை பெயரை மறைத்துவிட்டு, நம் கருவிகளின் மேக் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்களை மட்டும் அனுமதித்தால் போதுமே. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான்: அதனால் நமக்குத்தான் தொல்லை, அண்ணா. பெயரை மறைத்தாலும் கருவிகள் இணையும்போது அது காற்றில் வெளிப்படும். மேக் முகவரியும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் செல்வதால், அதைக் கேட்டுப் போலி செய்வது எளிது. உண்மையான ஓட்டை, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியில் இருக்கிறது. அதன் ‘பின்’ (PIN) எனப்படும் இரகசிய எண்ணில் 8 இலக்கங்கள் இருப்பதால் கோடிக்கணக்கான வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மேலும், முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே முதல் நான்குக்கு 10,000, மீதி மூன்றுக்கு 1,000 என்று சேர்த்து, 11,000 முயற்சிகளுக்குள் பூட்டு திறந்துவிடும். இது 2011-ஆம் ஆண்டின் இறுதியிலேயே வெளிவந்துவிட்டது. ‘பின்’ எண் பிடிபட்டால் வைஃபை கடவுச்சொல்லும் கிடைத்துவிடும்; அதை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பெரியப்பா, அதையும் நிறுத்திவிடுங்கள்.

பெரியப்பா: நிறுத்திவிட்டேன். ‘பாதுகாப்பு வகை’ என்ற இடத்தில் டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 இரண்டும் கலந்திருப்பதாகக் காட்டுகிறது.

நான்: இவை வைஃபையைப் பூட்டும் முறைகள்; டபிள்யூபிஏ பழையது. டபிள்யூபிஏ2 மட்டும், ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கத்துடன் என்று தேர்ந்தெடுங்கள். 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பட்டியலில் இருந்தால் அது இன்னும் நல்லது. டபிள்யூபிஏ2-இல், ஒரு கைபேசி இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவு செய்து கொண்டுபோய், கடவுச்சொல்லைத் தன் கணினியில் ஓய்வாக ஊகித்துப் பார்க்க ஒருவரால் முடியும். 8 முதல் 63 எழுத்துகள் வரை இடம் இருப்பதால், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள்.

அத்தை: வீட்டுக்கு வருபவர்களுக்கு அவ்வளவு நீளத்தை எப்படிச் சொல்வது?

நான்: அவர்களுக்கு ‘விருந்தினர் நெட்வொர்க்’ என்று தனியாக ஒன்றைத் திறந்துவிடுங்கள், அத்தை. டிவி, கேமரா போன்றவற்றையும் அதிலேயே விடலாம். அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் உங்கள் கணினியை எட்டுவது கடினம்.

பெரியப்பா: தம்பி, வேகத்தைப் பற்றி இன்னும் நீ எதுவும் சொல்லவில்லை. ரவுட்டர் கீழே, டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது.

நான்: இரும்புக்குள் அடைத்துவிட்டால் அலை எப்படி வெளியே வரும், பெரியப்பா? வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் இயங்கும்; மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குவதால் அதன் அருகே வேண்டாம். ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸிலும், சுவர்களைக் கடந்து எட்ட வேண்டியவற்றை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இணைத்துப் பாருங்கள். 2.4-இல் சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) எண் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. சுற்றிலும் குறைவாகப் பயன்படுவது எதுவோ, அதைத் தேர்ந்தெடுங்கள்.

பெரியப்பா: அலமாரியின் உச்சிக்கு மாற்றிவிட்டேன், மாடியில் வீடியோ இப்போது தடைபடாமல் ஓடுகிறது. ஆனால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பெயரே இல்லாத ஒன்று இருக்கிறதே!

நான்: புதிய கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, தற்செயலான ஒன்றைக் காட்டும். வீட்டிலுள்ள கைபேசிகளில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது அந்த வரி மறைகிறதோ, அதுவே அந்தக் கருவி.

பெரியப்பா: உன் பெரியம்மாவின் கைபேசிதான். ரவுட்டரை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒன்றும் காத்திருக்கிறது. அழுத்தலாமா?

அண்ணன்: அழுத்துங்கள், அப்பா. முடியும்வரை மின்சாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பாதியில் நின்றால் ரவுட்டர் மீண்டும் இயங்காமலே போகக்கூடும்.