பார்வை குறைந்துவரும் நிலையில் திரை வாசிப்பான்: கணினியில் தொடங்குவதா, கைப்பேசியில் தொடங்குவதா?

மாலைவெயில் (கேள்வி):

வணக்கம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றுகிறேன். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் காரணமாக என் பக்கப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுத்துகளைப் பெரிதாக்கி வேலையைச் சமாளித்து வந்தேன். இப்போது சுட்டியின் அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்று தேடுவதற்கே பாதி நேரம் போய்விடுவதால், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானைக் கற்றுக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருக்கிறேன். கைப்பேசி ஆண்ட்ராய்டு, அலுவலகக் கணினி விண்டோஸ். எதில் தொடங்குவது, எந்த மென்பொருள், தமிழ்க் கோப்புகளை அது ஒழுங்காகப் படிக்குமா என்பதைப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

விசைப்பலகை:

சகோதரி, நான் பார்வையற்றவன். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குக் கணினி கற்றுத் தருபவன். பார்க்காமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் பாதிப் பாடத்தை முடித்துவிட்டவர் என்பதால், உங்களுக்குக் கணினிதான் முதலில் என்று தயங்காமல் சொல்வேன்.

மென்பொருள் என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய இந்தத் திட்டம் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது; அதன் பட்டியல்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஜாஸ் என்னும் இன்னொரு திரை வாசிப்பானும் நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை கொடுத்து வாங்காதவரை நாற்பது நிமிடத்திற்கு ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும்.

நிறுவியதும் இணையத்தைத் திறக்காதீர்கள். இன்செர்ட் விசையுடன் 1 என்னும் எண்ணை அழுத்தினால் பயிற்சி நிலை வரும். அதில் எந்த விசையை அழுத்தினாலும் கணினி வேறொன்றும் செய்யாமல் அந்த விசையின் பெயரையும் பணியையும் மட்டும் சொல்லும். பேச்சை உடனே நிறுத்துவதற்கான கண்ட்ரோல் விசையை எல்லாவற்றுக்கும் முன்னால் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் புதிதாகக் கற்பவர்கள் பலர் நிற்காத பேச்சைக் கேட்டே மிரண்டுபோகிறார்கள். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது ஒலிப்பது உங்கள் வேகத்துக்கு இடைஞ்சலாக இருக்கும். இன்செர்ட்டுடன் 2 அழுத்தி அதை நிறுத்திவிட்டு, 3 அழுத்திச் சொல் சொல்லாக ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்துப் பழக வேண்டியது மனப்போக்கு. கண்ணுக்குத் திரை ஒரே நேரத்தில் விரிந்து கிடக்கிறது. காதுக்கு அது முதலும் முடிவும் உள்ள ஒற்றை வரிசை. இணையப் பக்கத்தை மேலிருந்து கீழ் அம்பு விசையால் வரி வரியாகக் கேட்டுக்கொண்டே போனால், செய்திக்கு வந்து சேர்வதற்குள் முப்பது இணைப்புகளைக் கேட்டுச் சலித்துவிடுவீர்கள். எச் அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், கே இணைப்புக்கு, எஃப் படிவக் கட்டத்துக்கு. ஒரு படிவத்தில் பெயரைத் தட்டும்போது கட்டத்தில் எழுத்து விழாமல் பக்கம் எங்கெங்கோ தாவினால், நீங்கள் இன்னும் வாசிக்கும் நிலையிலேயே இருக்கிறீர்கள் என்று பொருள். இன்செர்ட்டுடன் ஸ்பேஸ் அழுத்தினால் எழுதும் நிலைக்கு மாறும். இரண்டு நிலைகளுக்கும் வெவ்வேறு சிற்றொலிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியக் காது பழகும் நாளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்களுக்கென்று குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பார்வை மிஞ்சியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டே திரையையும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் காதும் பழகாது, கண்ணும் களைத்துவிடும். என்விடிஏ அமைப்புகளில் திரைச்சீலை என்றொரு வசதி இருக்கிறது; அதை இயக்கினால் திரை முழுவதும் கறுத்துவிடும். பயிற்சி நேரத்தில் மட்டுமாவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

கணினிதான் முதலில் என்பதை நான் ஏற்கவில்லை. அலுவலகக் கணினி மாலையில் அலுவலகத்திலேயே இருந்துவிடும். கைப்பேசியோ கையிலேயே இருக்கிறது, பயிற்சி என்று தனியாக உட்காராமலேயே பயிற்சி நடக்கும். ஒலியளவு விசைகள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக் இயங்கும். அதே முறையில் நின்றும்விடும். திரையில் ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது, இருமுறை தட்டினால் திறக்கும், பக்கத்தை நகர்த்துவதற்கு இரண்டு விரல்கள். இவ்வளவு தெரிந்தாலே அழைப்பும் வாட்ஸ்அப்பும் உங்கள் வசமாகிவிடும். பெயரிடாத பொத்தான்கள் நிறைந்த செயலிகள்தான் தொல்லை. எதை அழுத்தப் போகிறோம் என்று தெரியாத இடத்தில் பணம் அனுப்பும் வேலையைச் செய்யாதீர்கள். கடவு எண் தட்டும்போது காதொலிப்பான் அணிந்துகொள்ளுங்கள்.

வடலி (யாழ்ப்பாணம்):

அக்கா, தமிழ்க் கோப்புகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறையான யூனிகோடில் இருந்தால் ஒரு தடையும் இல்லை. என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் என்னும் பேச்சு மென்பொருள் தமிழையும் படிக்கும். குரல் இயந்திரத்தனமானது என்றாலும் விசையை அழுத்திய கணமே பேசும், வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் தேயாது. விண்டோசில் தமிழ் மொழிப் பொதியைப் பேச்சு வசதியுடன் நிறுவினால் வள்ளுவர் என்ற ஆண்குரல் கிடைக்கும். நீண்ட கட்டுரைகளைக் கேட்க எனக்கு அதுவே பிடிக்கும்.

வில்லங்கம் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாமினி, உங்கள் அலுவலகங்களில் வானவில். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லின் மேல் எழுத்து எழுத்தாக நகர்ந்தால் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றுதான் கேட்கும். குரலை மாற்றிப் பயனில்லை. உளறல் கேட்டதும் இன்செர்ட்டுடன் எஃப் அழுத்துங்கள். எழுத்துருவின் பெயரை அது சொல்லிவிடும், பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். வருடி எடுத்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்த பின்னரே படிக்க முடியும், அதிலும் பிழைகள் வரும்.

தட்டச்சுக்காகத் தமிழ்99 விசை அமைப்பைப் புதிதாகக் கற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்எச்எம் ரைட்டர் என்னும் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைத் தேர்ந்துகொண்டால், உங்கள் விரல்கள் பழகியபடியே அடிக்கலாம், விழுவது யூனிகோடாக இருக்கும்.

மாலைவெயில்:

அனைவருக்கும் நன்றி. வீட்டில் டாக்பேக்கும் அலுவலகத்தில் என்விடிஏயுமாகத் தொடங்குகிறேன். எங்கள் பிரிவில் பழைய கோப்புகள் பெரும்பாலும் வானவில்லில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நானே மாற்றிக்கொண்டிருந்தால் வேலை தேங்கிவிடும். பார்வை குறைந்ததை மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற அச்சமும் இருக்கிறது.

விசைப்பலகை:

அஞ்ச வேண்டாம், சகோதரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. இருக்கும் பணியை அவரால் செய்ய இயலாமல் போனால், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பணிக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தரும் பொறுப்பையும் அதே பிரிவு அரசு அலுவலகங்களின் மேல் வைக்கிறது. மருத்துவச் சான்றை இணைத்து எழுத்திலேயே விண்ணப்பியுங்கள். அலுவலகக் கணினியில் என்விடிஏ நிறுவ அனுமதி, காதொலிப்பான், உங்கள் மேசைக்கு வரும் புதிய கோப்புகள் யூனிகோடில் இருக்க வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் அந்த ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.