குலதெய்வத்துக்குத் தல வரலாறு எழுதச் சொல்கிறார்கள்: அப்பத்தா சொன்ன கதையைப் போடலாமா?

கரிசல்காட்டுக்காரி:

மதுரையில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். தை பிறந்துவிட்டால் கும்பாபிஷேகப் பத்திரிகைகள் வரிசை கட்டும். உள்பக்கத்தில் தல வரலாறு இல்லாமல் ஒரு பத்திரிகையும் கிடையாது. முன்னொரு காலத்தில் அடர்ந்த வனம், பசு ஒன்று புற்றின் மேல் பால் சொரிந்தது. இல்லையென்றால் உழும்போது கலப்பை தட்டி ரத்தம் பீறிட்டது. இரண்டும் இல்லையென்றால் மன்னன் கனவில் அம்மன் வந்தாள். பசுவுக்கு ஒரு ஃபைல், கலப்பைக்கு ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. "போன மாசம் பக்கத்து ஊருக்குப் போட்டீங்களே, அதே மாதிரி" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

இப்போது எங்கள் குலதெய்வத்துக்கே கும்பாபிஷேகம். பேரையூர் பக்கம் கரிசல்காட்டுக்குள் சின்னக் கோயில். பெரியப்பாதான் விழாக் குழுத் தலைவர். "வீட்டுப் பிள்ளையே அச்சாபீஸ்ல இருக்கும்போது வெளியில எதுக்குக் கொடுக்கணும்? தல வரலாறும் நீயே எழுதிடு. பார்வதி தேவி அவதாரம்னு ஆரம்பி" என்றார். அதையே கிரானைட்டில் செதுக்கி வாசலில் பதிக்கவும் போகிறார்களாம்.

எங்கள் சாமி கதையில் பார்வதி எங்கேயும் வருவதில்லை. அப்பத்தா சொல்கிற கதை இது.

ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி. அண்ணன்மார் பருத்திக்காட்டில் இருக்கிற நேரம் வளையல்காரர் ஒருவர் வருகிறார். வெயிலுக்கு நீச்சத்தண்ணி கேட்கிறார், கொடுக்கிறாள். இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு, அண்ணன் வந்ததும் காசு தருவான் என்கிறாள். மூத்த மதினி அதைத் திண்ணையிலிருந்து பார்க்கிறாள். ராத்திரி அண்ணன்மார் காதுக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது. மறுநாள் விதைச்சோளம் அள்ள வேண்டும் என்று, தரைக்கடியில் தானியம் சேர்த்துவைக்கிற சோளக்குழிக்குள் அவளை இறக்கி, மேலே பலகைக்கல்லைப் போட்டு மூடிவிடுகிறார்கள். (சோளக்குழியைத் திறந்ததும் யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே கெட்ட காற்று நிற்கும். முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அப்பத்தா இந்த இடத்தில் "அன்னைக்கு மட்டும் ஒரு பயலும் வெளக்கை எறக்கல" என்பாள்.)

அதன்பிறகு மழை இல்லை, பருத்தி காய் பிடிக்கவில்லை. கடைசி அண்ணனுக்கு மட்டும் ராத்திரியில் தரைக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்கிறது. தோண்டினால் உடம்பைக் காணோம். வளையல்கள் கிடக்கின்றன, வளையலுக்குள் சோளம் முளைவிட்டிருக்கிறது. ஏழு பேரும் அந்த ஊரைவிட்டு ஓடிவந்து, வரும்போது எடுத்துவந்த பிடிமண்ணை வைத்துக் கும்பிட்ட இடம்தான் இப்போதைய கோயில்.

மாசிச் சிவராத்திரிக்கு ஏழு வகையறாவிலும் மூத்த ஆண்கள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் வளையலும் சோளமும் போட்டு விழுந்து கும்பிடுவார்கள். இன்னொன்று, பொங்கல் அடுப்பை மூத்த மருமகள் பற்றவைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது பெரியம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பெண்களும் அடுப்பு மூட்டும்போது அவர் வேப்பமரத்தடியில் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறார்.

அப்பத்தா கதை ஆளுக்குத் தக்கபடி மாறும் என்பது அடுத்த சிக்கல். ஆண்கள் இருந்தால் கடைசி அண்ணன் நல்லவன், கல்லைத் தூக்க அவன் கை கொடுக்கவில்லை. பெண்கள் மட்டும் இருந்தால் ஏழு பேரும் சேர்ந்துதான் மூடினார்கள், வளையல்காரரும் வெறும் வளையல்காரர் இல்லை.

இதில் எதை அச்சில் போடுவது? போடலாமா என்பதே முதல் கேள்வி. பெரியப்பாவிடம் சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை.

—

விழாக்குழு அனுபவஸ்தன்:

அம்மா, பத்திரிகை நாலு ஊருக்குப் போகும். நன்கொடை கொடுக்கிறவர் கையில் இருக்கும். முதல் பக்கம் கணபதி ஹோமம், உள்பக்கம் தங்கச்சியைக் குழியில் போட்டு மூடிய கதையா? உங்கள் பெரியப்பா சொல்வதில் தப்பில்லை. சாமியை உயர்த்திச் சொல்வது நம் வழக்கம்தானே. வீட்டுக் கதையை வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த வளையல்காரர் என்ன ஆள் என்று ஒரு வார்த்தை தவறி எழுதிவிட்டால் இந்தக் காலத்தில் அது எங்கே போய் நிற்கும் தெரியுமா? எங்கள் ஊர்ப் பத்திரிகையில் முதல் மரியாதை யாருக்கு என்ற ஒரே வரிக்காக விழாவே தள்ளிப்போனது.

—

கரிசல்காட்டுக்காரி:

வளையல்காரர் சாதியை அப்பத்தாவே சொன்னது கிடையாது, ஐயா. நானும் எழுத மாட்டேன். ஆனால் பார்வதி என்று போட்டால் அந்தப் பள்ளத்தில் எதற்கு வளையல் போடுகிறோம் என்று என் மகன் கேட்டால் என்ன சொல்வது? பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். "பார்வதிக்கு வளையல் பிடிக்கும்" என்றார்.

—

வழக்காறு படித்தவன்:

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் படித்தேன். இப்போது செய்வது மருந்துக்கடை, அது வேறு விஷயம்.

உங்கள் பெரியப்பா செய்வது புதிது இல்லை. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே மதுரை வீரன் நிற்கிறாரே, அவர் கதையைப் பாருங்கள். கதைப்பாடலில் அவர் காசி ராசாவுக்குப் பிறந்தவர். கொடி சுற்றிப் பிறந்ததால் ஆகாது என்று காட்டில் விட்டுவிட, தோல் வேலை செய்யும் தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று வரும். அந்தக் காசி ராசா பிறப்பு பின்னால் சேர்த்து ஒட்டியது என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். கீழே இருந்தவன் பாளையக்காரர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனான் என்பது கேட்கிறவர்களுக்குச் செரிக்கவில்லை, அதனால் பிறப்பை மாற்றிவிட்டார்கள். பாபநாசம் பக்கத்து முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலைதான். பிராமணனான பட்டன் கட்டிக்கொண்ட, தோல் வேலை செய்பவர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்தது என்று ஒரு வடிவம் உண்டு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பிறப்பைத்தான் மாற்ற முடிந்தது, சாவை மாற்ற முடியவில்லை. மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கியதை யாரும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் கும்பிடக் காரணமே இல்லாமல் போகும். நம் பக்கத்து அம்மன்களில் எத்தனையோ பேர் இப்படி அநியாயமாகச் செத்த பெண்கள்தான். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். அவளைப் பார்வதி ஆக்கினால் அந்தக் கதையைக் கேட்டு அழுகிற பெண்கள் யாருக்காக அழுவார்கள்?

அதனால் பெரியப்பா முதல் வரியில் பார்வதி போட்டுக்கொள்ளட்டும், அதை விட்டுக்கொடுங்கள். சோளக்குழியை விடாதீர்கள்.

—

வைகை வடகரை:

நான் தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவன். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை எங்கள் வீட்டு வாசலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழகர் எதற்கு ஆற்றில் இறங்குகிறார் என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிறார், வழியில் தாமதம், ஆற்றுக்கு வந்ததும் கல்யாணம் முடிந்த சேதி வருகிறது, கோபத்தில் ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். கோயில்காரர்களைக் கேட்டால் இந்தக் கதையே கிடையாது. துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் என்பார்கள். அதுவும் வருடா வருடம் தேனூர் மண்டபத்தில் நடக்கத்தான் செய்கிறது. கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதும் அழகர் இல்லை, திருப்பரங்குன்றத்திலிருந்து வருகிற பவளக்கனிவாய்ப் பெருமாள். அவர் நேரத்துக்கு வந்து, முறையாகக் கொடுத்து, சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறார். ஊரே கொண்டாடுவது என்னவோ தாமதமாக வந்து கோபித்துக்கொண்ட அண்ணனைத்தான்.

வரலாறு என்று பார்த்தால் அதுவும் வேறு. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்கிறார்கள். அவர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. அதற்குமுன் அழகர் இறங்கியது தேனூரில். ஆக, ஒரே இறங்குதலுக்கு மூன்று காரணம். அழகர் கட்டி வருவது பச்சைப்பட்டா சிவப்புப்பட்டா என்று பார்க்க விடியற்காலையில் நிற்கிற கூட்டத்தில் ஒருவர்கூட எது சரி என்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பெருமாள் கோயில் கதை, ஜனங்கள் கதை இரண்டும் ஒரே ஆற்றில் நிற்கின்றன.

உங்களுக்கு என் யோசனை: பெரியப்பா கதை ஒரு பத்தி, அதன்கீழ் "பெரியோர் வாய்மொழியாகச் சொல்லி வருவது" என்று தலைப்புக் கொடுத்து அப்பத்தா கதை. அந்தத் தலைப்பு இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. பெரியோர் பொய் சொன்னார்கள் என்று எந்த விழாக் குழு சொல்லும்?

—

பபூன் பேத்தி:

எங்கள் தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேஷக்காரர். வள்ளி திருமணத்தை விடிய விடிய நடத்துவார்கள். கதை எல்லாருக்கும் மனப்பாடம், ஆனாலும் இந்த ஊரில் பேசியதை அந்த ஊரில் பேச மாட்டார். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். உங்கள் அப்பத்தா செய்வதும் அதுதான். அது கோளாறு இல்லை, தொழில் சுத்தம்.

அச்சு இருக்கட்டும், அப்பத்தா குரலைப் பிடித்து வைத்தீர்களா? "கதை சொல்லுங்க" என்று முகத்துக்கு நேரே போனை நீட்டினால் வயசானவர்கள் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடுவார்கள். கடலை உரிக்கும்போது, வெற்றிலை இடிக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், இரைச்சல் குரலைத் தின்றுவிடும். முக்கியமாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். நடுவில் "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆண்கள் இருக்கும்போது ஒன்று, பெண்கள் மட்டும் இருக்கும்போது ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள்.

அப்புறம் எல்லாரும் பெரியப்பாவைப் பற்றியே பேசுகிறோம். செருப்புக்குக் காவல் இருக்கிற பெரியம்மா என்ன சொல்கிறார்? இந்தக் கதை அச்சில் வந்தால் பழி அவர் தலையில்தானே விழுகிறது?

—

கரிசல்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பபூன் பேத்தி கேட்டதும்தான் பெரியம்மாவிடம் போனேன். அப்பத்தாவும் பக்கத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிரவே இல்லை. "எழுது, எனக்கென்ன? ஆனா மதினி கோள் சொன்னதைப் பாத்தது யாரு? அண்ணன்மாரு சொன்னதுதானே? கல்லைத் தூக்கிப் போட்டவன் ஏழு பேரு. சிவராத்திரிக்கு ஒரு நாள் பட்டினி கெடந்தா அவனுக்குத் தீந்துபோச்சு. எனக்கு மட்டும் ஆயுசுக்கும் அடுப்பு கெடையாதா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்பத்தா முறத்தை நிறுத்திவிட்டு "அதுஞ்சரிதான்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி என் மகனுக்குக் கதை சொன்னபோது மதினி திண்ணையில் இருந்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்மாரே வந்து கையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். நான் 'ம்' கொட்டிக்கொண்டே போனைப் பார்த்தேன், பதிவாகிக்கொண்டிருந்தது. அதையும் தனி ஃபைலாக வைத்திருக்கிறேன்.

பத்திரிகைக்கு வடகரைக்காரர் சொன்னபடியே செய்தேன். மேலே பார்வதி, கீழே "பெரியோர் வாய்மொழியாகச் சொல்லி வருவது". சோளக்குழி இருக்கிறது, விளக்கு இறக்காததும் இருக்கிறது. "சேதி அண்ணன்மார் காதுக்கு எட்டியது" என்று முடித்துக்கொண்டேன், யார் வழியாக என்று எழுதவில்லை. விழாக்குழு ஐயா சொன்னதற்காக வளையல்காரரை வளையல்காரராகவே விட்டுவிட்டேன்.

புரூஃபை எடுத்துக்கொண்டு போகும்போது வயிற்றைக் கலக்கியது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாக வாசித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் சுழித்தார். ஒன்று, விழாக் குழுவில் பொருளாளர் பெயர் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்ததாம். இன்னொன்று, மூத்த வகையறாவை முதலில் போட வேண்டுமாம். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிடித்ததா, கவனிக்கவில்லையா, நானும் கேட்கவில்லை.

கிரானைட் பிரச்சினை தானாகவே தீர்ந்தது. செதுக்குகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னதும் தல வரலாறு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கல் முழுக்க உபயதாரர் பெயர்கள்தான்.

அடுப்பு விஷயம் பங்காளிகள் கூட்டத்தில் வருகிறது. பெரியம்மாவே கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது, அதனால் முதலில் அந்தச் சண்டை நடக்க வேண்டும்.