மென்பவளமா, மென் பவளப்பாறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும், வளையும் உடல் கொண்ட 'சாஃப்ட் கோரல்' என்னும் உயிர்வகைக்குத் தமிழில் 'மென் பவளப்பாறை' என்ற சொல்லை முன்மொழிந்த மடலைப் படித்தேன். அதிலுள்ள 'மென்' இருக்கட்டும். 'பாறை' வேண்டாம் என்பது என் கருத்து. பவளப்பாறை என்பது வன்மையான பவளங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பும் சுண்ணத் திட்டு. மன்னார் வளைகுடாவில் அதைப் 'பார்' என்பார்கள். தொட்டியில் நாம் வளர்ப்பது திட்டை அன்று, உயிரை. ஆகவே 'மென்பவளம்' என்பதே போதும். மென்பொருளுக்கு வன்பொருள் வாய்த்ததுபோல இதற்கு 'வன்பவளம்' என்ற இணையும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

சுண்ணமே இல்லாததால் 'சுண்ணமிலிப் பவளம்' எனலாம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அதை ஏற்க இயலவில்லை. என் தொட்டியிலுள்ள சினுலேரியா என்ற மென்பவளத்தைக் கன்று பிரிப்பதற்காக அடிப்பகுதியில் அறுத்தபோது, ஈர மணலில் கத்தியை இழுத்ததுபோல் நறநறவென்று கேட்டது. சதைக்குள் நெருங்கிக் கிடக்கும் நுண்ணிய சுண்ணத் துணுக்குகளே அதற்குக் காரணம். வன்பவளத்தைப்போல் ஒரே கூடாக இறுகாமல் தனித்தனியாக இருப்பதால்தான் உடல் வளைகிறது. 'ஸ்கிளெரைட்' எனப்படும் அத்துணுக்குகளுக்குச் 'சுண்ணமுள்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

அறிவியல் வகைப்பாட்டுக்கு 'மென்பவளம்' என்ற சொல்லையே நீட்டிவிடக் கூடாது. மென்பவளங்கள் அடங்கும் 'ஆக்டோகோரல்' இனத்தின் ஒவ்வொரு பாலிப்பிலும், அதாவது பவளத்தின் ஒவ்வொரு சிற்றுயிரிலும், இறகுபோல் ஓரம் கிளைத்த எட்டு உணர்நீட்சிகள், அதாவது கரங்கள், உண்டு. எண்கோணம், எண்சீர் விருத்தம் என்று பழகிய நமக்கு 'எண்கரப் பவளம்' உறுத்தாது. கடையில் மென்பவளம் என்றே விற்கப்படும் சோவாந்திட்கள் என்ற உயிர்கள் எட்டுக் கரம் கொண்டவை அல்ல என்பதால் இதில் அடங்கமாட்டா. மாறாக, மத்தியதரைக் கடலிலிருந்து வந்து நம் நவரத்தின மோதிரத்தில் அமரும் செம்பவளம், கல்போல் இறுகியதாயினும் எட்டுக் கரம் கொண்டதே. பவளம் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த பொருளே மென்பவளத்தின் நெருங்கிய உறவு என்பதால், அப்பெயரை இவ்வுயிருக்கு வழங்கத் தயங்க வேண்டியதில்லை.

சார்கோஃபைட்டன் முதலிய மென்பவள வகைகளுக்குத் 'தோல்பவளம்' நன்றாகப் பொருந்துகிறது. அவை அவ்வப்போது சில நாள் கரங்களை உள்ளிழுத்துச் சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் ஓர் ஏடு படர்ந்து, பின்பு அது கிழிந்து விலகியதும் மீண்டும் மலரும். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இறந்துவிட்டதென்று எண்ணி அந்த நாட்களிலேயே அதை எடுத்தெறிந்துவிடுகிறார்கள். பாம்புக்குச் சொல்லும் 'சட்டை உரித்தல்' என்பதையே இதற்கும் வைத்தால், சொல்லைக் கேட்ட அளவிலேயே அது சாவன்று, வளர்ச்சி என்று விளங்கும். நம் சொற்பட்டியலில் 'சட்டை உரித்தல்' என்ற சொல்லுக்குக் கீழே, அந்நாட்களில் ஏடு கழுவிச் செல்லும்படி நீரோட்டத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிட வேண்டுகிறேன்.