310 எஸ்.எஸ். கூடை ஆறு மாதத்தில் உதிர்கிறது, தடிமனைக் கூட்டலாமா?

கேள்வி: சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபர்னஸ் 950 டிகிரி. ஒரு நாளைக்கு நாலு லோடு, ஒவ்வொரு தடவையும் சரக்கு வைத்த கூடையை வெளியே இழுத்துக் காற்றில் ஆறவிடுவோம். கூடை 310 எஸ்.எஸ். (சூடு தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்), 10 மி.மீ. கம்பி. ஆறே மாதத்தில் கருஞ்செதில் உதிர்ந்து, தினமும் ஒரு கை அள்ளுகிறோம். மூலைகள்தான் முதலில் விடுகின்றன. 12 மி.மீ. போடலாமா? இல்லை, காந்தல் (Kanthal: இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த ஹீட்டர் கம்பி) போடலாமா? ஹீட்டர் காயில் அதுதான், நாலு வருடமாக அசையவில்லை.

பதில் 1: காந்தல் வேண்டாம். அந்த ஆசையில் நானும் கொக்கி வளைத்துச் சரக்கைத் தொங்கவிட்டேன். மறுநாள் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுக் கிடந்தது. ஆறின பிறகு நிமிர்த்தப் போனால் படக்கென்று முறிந்தது. காயில் தன் எடையை மட்டும்தானே தாங்குகிறது, அதுவும் பீங்கான் மேல் உட்கார்ந்துகொண்டு!

பதில் 2: உலைப் பராமரிப்பிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். காந்தலில் இருக்கும் அலுமினியம் மேலே அலுமினா தோலாகப் படர்கிறது, அதனால் 1300-க்கு மேலும் எரியாது. ஆனால் அந்தச் சூட்டில் பலம் கிடையாது. பலத்துக்கு நிக்கல் வேண்டும். 310-இல் 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல். தொடர்ந்து சூட்டிலேயே இருந்தால் 1150 வரை தாங்கும் என்பார்கள். உள்ளே வெளியே என்று போய்வந்தால் 1035தான். ஆறும்போது உலோகம் அதிகம் சுருங்கும், மேலே படர்ந்த குரோமியம் ஆக்சைடு தோல் அவ்வளவு சுருங்காது, பிய்த்துக்கொண்டு தெறிக்கும். காதை வைத்தால் சடசடவென்று கேட்கும். புதுத் தோலுக்கு மறுபடி குரோமியம் செலவு.

தடிமன் கூட்டினால் கம்பியின் வெளிப்புறமும் உட்புறமும் வேறு வேறு வேகத்தில் ஆறி, விரிசல்தான் வரும். சரி, 950-க்கு 310 போதுமே? மூலையில் எந்த வெல்டிங் ராடு போட்டார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நேற்று எக்ஸ்ஆர்எஃப் கன் (உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தோம். கம்பி சுத்தமான 310. மூலை வெல்டிங்கில் குரோமியம் 19, நிக்கல் 10. செய்து கொடுத்தவரைக் கேட்டால், "கையில் இருந்த 308 ராடு சார், எல்லாம் எஸ்.எஸ்.தானே" என்கிறார்.

பதில் 2: அதேதான், வெல்டிங்கில் குரோமியமும் நிக்கலும் குறைவு, அதனால் மூலை முதலில் விடுகிறது. 310 ராடிலேயே பற்றவையுங்கள். அப்புறம், நாலு மூலையையும் இறுக்கிப் பூட்டாமல் ஒன்றிரண்டைக் கொக்கியாக விடுங்கள், விரிய இடம் வேண்டும். காசு இருந்தால் 601 என்ற நிக்கல் கலவையைப் பாருங்கள், நிக்கல் 60 சதவீதம், கூடவே கொஞ்சம் அலுமினியம்.