ஸ்ப்ளிட் – துப்ரோவ்னிக் பஸ், நடுவில் போஸ்னியா வருகிறதாமே? அவசரம்!

விடியற்காலைப்பயணி:
குரோஷியாவில் இருக்கிறோம். நாளைக் காலை 8 மணிக்கு ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் பஸ். டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போதுதான் ஒரு பழைய பயணக் குறிப்பில் படித்தேன்: பஸ் வழியில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வருமாம், பாஸ்போர்ட் எல்லாம் பார்ப்பார்களாம். எங்களிடம் விசா இருக்கிறது. பிரச்சனை வருமா? மனைவி பெட்டி கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறாள், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மூட்டைமுடிச்சு:
எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? என்ன விசா? ஒருமுறை நுழைவா, பலமுறையா? வெறுமனே விசா இருக்கிறது என்றால் என்னத்தைச் சொல்ல?

நெய்தல்காரன்:
பஸ்ஸே வேண்டாம் சார். கட்டமரான் இருக்கிறது, நம் கட்டுமரத்தின் பேர்தான். கடலில் எல்லைச் சாவடி ஏது? தீவுகளையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

மூட்டைமுடிச்சு:
டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறவரைப் படகில் ஏற்றுகிறீர்களே. அந்தத் தடத்தில் குளிர்காலத்தில் படகும் ஓடாது.

பழம்பயணி:
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது! பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. நான் 2016-இல் போனவன். நெயூம் என்று ஒரு ஊர், போஸ்னியாவுக்கு இருக்கும் ஒரே கடற்கரை. சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனாலும் அது வேறு நாடு. காவலர் பஸ்ஸில் ஏறிப் பாஸ்போர்ட் பார்ப்பார். பலமுறை நுழைவு விசா இல்லாமல் அந்தப் பக்கம் கிளம்புவது விவரம் இல்லாதவர்கள் செய்யும் வேலை.

வரைபடப்பித்தன்:
2016 சரி ஐயா. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்துவிட்டார்கள், 2.4 கிலோமீட்டர். இந்தக் கரையில் கொமார்னாவில் ஏறினால் நெயூமைத் தொடாமல் பெல்யேஷாட்ஸ் தீபகற்பம் வழியாகவே துப்ரோவ்னிக் பக்கம் போய்விடலாம். கட்டணமும் கிடையாது. கேள்வி கேட்டவருக்கு: ஏறுவதற்கு முன் "பாலம் வழியா, நெயூம் வழியா" என்று டிக்கெட் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாலம் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பழம்பயணி:
சீனாக்காரன் காசில் கட்டிய பாலம்தானே அது.

வரைபடப்பித்தன்:
கட்டியது சீன நிறுவனம். காசில் 35.7 கோடி யூரோ ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. இரண்டும் ஒன்றில்லை.

விடியற்காலைப்பயணி:
நன்றி நன்றி. இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா. நுழைவுகள் என்ற இடத்தில் 01 என்று போட்டிருக்கிறது. அப்புறம் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சனிக்கிழமை துப்ரோவ்னிக்கிலிருந்து மோஸ்தாருக்கு ஒரு நாள் டூர், நாலு பேருக்குப் பணம் கட்டியாயிற்று. அந்த ஊரில் இருக்கும் பழைய பாலம் பார்க்க. அதுவும் குரோஷியாதானே?

மூட்டைமுடிச்சு:
அடக் கடவுளே. இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! மோஸ்தார் போஸ்னியாவில் இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1-இல் ஷெங்கனில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், சேர்ந்துவிட்டது. நீங்கள் போஸ்னியாவுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. அந்த 01 தீர்ந்தது, திரும்பி உள்ளே வர முடியாது. அதற்கு முன் போஸ்னியாக்காரர்களே விடமாட்டார்கள். ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே போவதென்றால் அது பலமுறை நுழைவு விசாவாக இருக்க வேண்டும். பஸ்ஸை மறந்துவிட்டு முதலில் டூர்காரருக்கு எழுதுங்கள்.

கிளிஞ்சல்:
ஐயோ பாவம். மோஸ்தாருக்குப் பதில் கோட்டோர் போகலாமே, இரண்டு மணி நேரம்தான்.

மூட்டைமுடிச்சு:
அது மான்டினீக்ரோ. அதுவும் ஷெங்கனில் இல்லை. தயவுசெய்து அவரை இன்னொரு குழியில் தள்ளாதீர்கள்.

நெய்தல்காரன்:
முத்திரை குத்தாமல் விட்டால்? டூர் பஸ்ஸில் எல்லாம் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்று ஒரு நண்பர் சொன்னார்.

மூட்டைமுடிச்சு:
2025 அக்டோபர் 12-இலிருந்து முத்திரைக்குப் பதிலாகக் கணினியில் போக்குவரத்தைப் பதிய ஆரம்பித்தாயிற்று. நண்பர் வேண்டுமானால் போய்ப் பார்க்கட்டும்.

கிளிஞ்சல்:
சரி, உள்நாட்டிலேயே சொல்கிறேன். ஸ்டோன் போகலாம், மலை மேல் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான மதில், கீழே உப்பளம். பிள்ளைகள் இருந்தால் லோக்ரும் தீவு, துறைமுகத்திலிருந்து கால் மணி நேரப் படகு. அது சரி, போஸ்னியாவுக்கு எதற்கு அந்தத் துண்டுக் கடற்கரை?

வரைபடப்பித்தன்:
துப்ரோவ்னிக் அப்போது ரகூசா என்ற தனிக் குடியரசு. வடக்கே வெனிஸ்காரர்கள். அவர்களோடு எல்லை வேண்டாம் என்று நடுவில் அந்தத் துண்டை அப்போது போஸ்னியாவை ஆண்ட துருக்கிய ஓட்டோமான்களுக்கு விட்டுவிட்டது, 1699 உடன்படிக்கையில். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து நடுவே ஒரு பயில்வானைக் குடிவைத்த கதை.

பழம்பயணி:
விற்றார்கள் என்று நான் படித்திருக்கிறேன்.

வரைபடப்பித்தன்:
எங்கே படித்தீர்கள்?

பழம்பயணி:
எல்லாவற்றையும் இங்கே ஊட்டிவிட முடியாது தம்பி. நான் போன காலத்தில் அங்கே குனா நாணயம்தான், ஊரும் மலிவு. யூரோ வந்தது, போச்சு.

விடியற்காலைப்பயணி (மூன்று நாள் கழித்து):
வந்து சேர்ந்தோம். பாலம் வழிதான், பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. டூர் பணத்தில் பாதி கொடுத்தார்கள். நேற்று லோக்ரும் போனோம், என் தொப்பியை மயில் கொத்திவிட்டது. கிளம்புகிறோம், எல்லாருக்கும் நன்றி.

மூட்டைமுடிச்சு:
திரும்பும் விமானம் எந்த வழியாக என்று சொல்லவே இல்லையே?