சுரண்டினதுல விண்டோஸ் கீயில ஒரு எழுத்து போச்சு, என்ன செய்ய?

கருங்கல் டிடிபி:
கருங்கல்ல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் முன்ன நாகர்கோவில்ல 16,500 ரூபாய்க்கு ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் (பழசைச் சரிபண்ணி விக்குறது) வாங்கினேன். போன வாரம் ஹார்டு டிஸ்க் போயிட்டு. அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிப் போட்டேன். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 நம்ம மாவட்டத்துக்கு லீவுல்லா, அன்னைக்கு விண்டோஸ் 10 ப்ரோ ஏத்த உக்காந்தேன்.

லேப்டாப் அடியில இருந்த ஸ்டிக்கர்ல, விண்டோஸை ஆக்டிவேட் பண்ணப் போடுற 25 எழுத்துக் கீயோட ஒரு பகுதி சாம்பல் கலர் பூச்சுக்குள்ள இருந்துது. ரீசார்ஜ் கார்டு சுரண்டின பழக்கம், ஒரு ரூபா துட்டை வச்சு அழுத்திச் சுரண்டிட்டேன். பூச்சோட மையும் வந்துட்டு. மூணாவது கட்டத்துல ரெண்டாவது எழுத்து வெறும் வட்டமா நிக்குது. ஓ போட்டேன், பூஜ்யம் போட்டேன், எடுக்கல. மத்த 24 எழுத்தும் தெளிவா இருக்கு.

வித்த கடையில கேட்டா, "கீ எதுக்கு, க்ராக் போட்டுத் தாறேன்"னு சொல்றாங்க. எனக்கு அந்தத் திருட்டு வழி வேண்டாம். ஆதார், பத்திரம், ரேஷன் கார்டுன்னு ஜனங்க நம்பித் தந்து ஸ்கேன் எடுக்குற லேப்டாப் இது. வேற வழி இருந்தா சொல்லித் தாங்க.

தக்கலை சர்வீஸ்:
அக்கா, கீயை இப்போ விடுங்க. ஏத்தும்போது கீ இல்லைன்னு சொல்ல ஒரு ஆப்ஷன் வரும், அதைக் குடுத்து ப்ரோவையே ஏத்துங்க. ஹோம்னு இருக்குற வெர்ஷன் வேண்டாம். முந்தி ஒழுங்கா ஆக்டிவேட் ஆன மெஷின்னா மைக்ரோசாஃப்ட் கிட்ட பதிவாகியிருக்குற டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை வச்சுதான் இருக்கும், டிஸ்க் மாத்தினா போகாது. நெட் குடுத்ததும் தானா எடுத்துக்கிடும்.

கருங்கல் டிடிபி:
ஏத்திட்டேன் தம்பி. நெட் குடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு, ஆக்டிவேட் ஆகல.

மார்த்தாண்டம் பழைய கை:
மக்களே, நீங்க சுரண்டுற வரைக்கும் பூச்சு முழுசா இருந்துதுன்னா அந்தக் கீயை யாரும் போட்டிருக்க வழியில்ல. வேற எப்படியோ ஆக்டிவேட் பண்ணித் தந்திருக்காங்க, அதான் தானா எடுக்கல. ஒரு வகையில நல்லது, உங்க கீ இன்னும் புதுசு.

இந்தக் கீ எழுத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஏ, ஈ, ஐ, ஓ, யு வராது. எல், எஸ், இசட் வராது. 0, 1, 5 வராது. அப்போ உங்க வட்டம் க்யூ, டி, ஜி, சி இதுல ஒண்ணாதான் இருக்கணும். ரூம் லைட்டை அணைச்சுட்டு, ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு, இன்னொரு ஃபோன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. இனி சுரண்டாதீங்க, ஸ்பிரிட்டும் தொடாதீங்க. படத்தை இங்க போட்டுறாதீங்க, வேற யாராவது அந்தக் கீயை எடுத்துப் போட்டுருவாங்க.

கருங்கல் டிடிபி:
க்யூ! வட்டத்துக்குக் கீழ வலது பக்கம் மயிரிழை மாதிரி ஒரு வால். நேர் வெளிச்சத்துல தெரியவே இல்ல, சாய்ச்சுப் பிடிச்சதும் நிழல் விழுந்து தெரிஞ்சுது. போட்டதும் எடுத்துட்டு, ஆக்டிவேட் ஆயிட்டு. அண்ணே, எனக்கு அழுகையே வந்துட்டு. ஸ்டிக்கர் மேல செல்லோடேப் ஒட்டி வைக்கட்டா?

மார்த்தாண்டம் பழைய கை:
டேப் வேண்டாம், உரிக்கும்போது மிச்ச மையும் வந்துரும். 25 எழுத்தையும் ஒரு நோட்டுல எழுதி வீட்டுல வைங்க.

தக்கலை சர்வீஸ்:
அக்கா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட், அதாவது வழக்கமா வர்ற பாதுகாப்பு அப்டேட், நின்னாச்சு. ஜனங்களுக்க ஆதார் வர்ற மெஷின், அப்படியே ஓட்டாதீங்க. ப்ராசஸர் இன்டெல் 8-வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோன்னா விண்டோஸ் 11 ஏறும், இதே லைசென்ஸ் போதும். ப்ராசஸர் எதுன்னு பாத்துச் சொல்லுங்க.